இணைந்த ஏடுகளும் நம் தலைப்பெழுத்தும்

அலுவலகம் என்பது மேசையும் நாற்காலியும் அன்று. ஒரு தாள் யார் கையிலிருந்து யார் கைக்குச் செல்ல வேண்டும் என்னும் ஒழுங்கே அலுவலகம். விண்ணப்பம் வரும், குமாஸ்தா சரிபார்ப்பார், மேலதிகாரி ஒப்பமிடுவார், பதிவேட்டில் ஏறும். இவ்வொழுங்கைக் கணிப்பொறியிடம் ஒப்படைப்பதும், ஓர் ஏட்டை மற்றோர் ஏட்டோடு பிணைப்பதும் இன்று பெங்களூரில் பெருந்தொழில். நம் சங்கக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அதில் இருக்கின்றனர். எனினும் அதன் பயனும் இடரும், அத்தொழிலைச் சாராத நம் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டன.

ரயில்வே குமாஸ்தா என்ற முறையில், நான் அறிந்த துறையிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு காலத்தில் முன்பதிவு என்றால் தடித்த பேரேடுதான். திரும்பும் பயணத்துக்கு இடம் வேண்டுமாயின் அவ்வூருக்குத் தந்தி போக வேண்டும். 1985இல் டில்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய இடங்களிலும் அது வந்தது. ஆயினும் ஐந்து மையங்களும் ஐந்து தீவுகளாகவே நின்றன. 1986இல் ரயில்வே அமைத்த 'கிரிஸ்' என்னும் ஸ்தாபனம், 'கான்செர்ட்' என்ற பொது மென்பொருளை உருவாக்கியது. 1994இல் செகந்திராபாத்தில் அது செயலுக்கு வந்தது. 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் ஒன்றாக இணைந்தன. அதன் பின்னரே எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் எந்த முன்பதிவு நிலையத்திலும் சீட்டுப் பெறுவது இயல்பாயிற்று. 2002இல் இணையவழிச் சீட்டு வந்தபோது, அதற்கான அடித்தளம் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது.

முன்பு ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே நிரல் எழுதுவார்கள். விதி ஒன்று மாறினால் நிரலையும் திருத்தியாக வேண்டும். இப்போதைய முறை வேறு. பொதுவான தளம் ஒன்றை முதலில் அமைத்துவிடுகிறார்கள். எந்தப் படிவம், யார் சரிபார்ப்பது, எத்தனை நாளில் முடிப்பது என்பவற்றை மட்டும் அந்தந்தத் துறைக்கேற்ப அதில் பொருத்திக்கொள்ளலாம். கல்யாண மண்டபம் ஒன்றே. பந்தலும் பந்தியும் அவரவர் வழக்கப்படி என்பது போலத்தான் இது.

இதற்குச் சான்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. தேசியத் தகவலியல் மையம் 'சர்வீஸ்பிளஸ்' என்னும் தளத்தை அமைத்தது. கர்நாடக அரசின் 'சேவா சிந்து' அதன் மீது கட்டப்பட்டதே. பல துறைகளின் சேவைகளுக்கு அந்த ஒரே வாயிலில் விண்ணப்பிக்கலாம். இதனுடன் 'சகாலா' என்று வழங்கும் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நாம் அறிந்திருத்தல் நலம். அதில் அடங்கிய சேவைகளுக்குக் கால வரம்பு உண்டு. விண்ணப்பித்ததும் ஓர் ஒப்புகை எண் கிடைக்கும். வரம்பு கடந்தால் நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம், 500 ரூபாய் வரை இழப்பீடு கோரலாம். ஆகவே அந்த எண்ணைக் கேட்டுப் பெறாமல் எந்த மேசையையும் விட்டு நகராதீர்கள்.

இனி இடரைச் சொல்கிறேன். தமிழர் பெயரில் தந்தையின் தலைப்பெழுத்து முன்னே நிற்பது நம் வழக்கம். பள்ளிச் சான்றிதழில் 'ரா. முருகன்', ஆதாரில் 'முருகன் ரா.'; வங்கியில் 'முருகன் ராமசாமி'; ரேஷன் அட்டையில் வெறும் 'முருகன்'. ஏடுகள் தனித்தனியே இருந்தவரை இது குறையன்று. எதிரே நிற்பவரைப் பார்த்து, நாலும் ஒருவரே என்று குமாஸ்தா தெளிவார். இயந்திரமோ எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, நால்வர் என்று தீர்ப்பளித்துவிடக்கூடும். கனிமொழி, யாழினி போன்ற பெயர்களுக்கு இன்னொரு தொல்லை. இன்றைய கன்னட எழுத்தில் 'ழ' இல்லை. ஆங்கிலத்திலோ அதை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதுகின்றனர். ஓர் எழுத்து வேறுபாட்டால் ஒரு மாணவியின் உதவித்தொகையோ ஒரு முதியவளின் ஓய்வூதியமோ தடைப்பட்டு நின்றால், அது சிறு விஷயமாகுமா?

இணைப்பின் இயல்பே இதுதான். சரியான செய்தி எவ்வளவு விரைவாகப் பரவுமோ, பிழையும் அவ்வளவு விரைவாகப் பரவும். பிறந்த தேதியில் ஓர் இலக்கம் பிசகினால் சம்பளம், பயணச் சலுகை, ஓய்வூதியம் எல்லாவற்றிலும் அது தொடரக்கூடும்.

ஆகவே வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்யுங்கள். பள்ளிச் சான்றிதழில் உள்ளதை ஆதாரமாகக் கொள்வது பெரும்பாலும் எளிது. பிற ஆவணங்களை அதற்கேற்பத் திருத்தலாம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இருமுறைதான் மாற்ற இயலும். அவசரப்பட்டு ஒரு வாய்ப்பை வீணாக்க வேண்டாம். குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதே தலைப்பெழுத்தை விரித்து எழுதுவதா, சுருக்கி எழுதுவதா என்று பெற்றோர் கூடித் தீர்மானித்துவிடுவது நன்று.

மென்பொருள் தொழிலில் உள்ள நம் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெயர் ஒவ்வாதபோது விண்ணப்பத்தைத் தள்ளிவிடாமல், ஒரு மனிதரின் பார்வைக்கு அனுப்பும் படியையும் உங்கள் தளத்தில் வையுங்கள். அத்துடன் மாதம் ஒரு ஞாயிறு மாலை, படிப்பறிவு குறைந்த குடும்பங்களின் ஆவணங்களை நம் சங்கக் கட்டிடத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுக்கலாம். இரண்டு மேசையும் நான்கு பேரும் இருந்தால் போதும். முதல் மேசைக்கு நான் வருகிறேன்.