தலையெல்லாம் கண்

இந்த ஈயைப் பக்கத்தில் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். உடம்பு சில மில்லிமீட்டர்தான். தலை மட்டும் பெரிய உருண்டை! அந்த உருண்டையிலும் ஏறக்குறைய முழுவதும் கண்களே. பெருந்தலை ஈ என்று சொல்லலாம். இந்தக் குடும்பத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் பிபுன்குலிடே. உலகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு.

இத்தனை பெரிய கண் எதற்கு? தத்துப்பூச்சியைத் தேடத்தான். தண்டில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி, கிட்டே ஏதாவது அசைந்தால் சட்டென்று தாவி மறைந்துவிடும். அதனால் தாய் ஈ செடிகளுக்கு நடுவே அந்தரத்தில் நின்று, நகர்ந்து, மறுபடி நின்று தேடுகிறது. கண்ணில் பட்டதும் ஒரே பாய்ச்சல்! சில வகை ஈக்கள் பூச்சியைக் காலால் கவ்வி வானத்துக்கே தூக்கிப் போய்விடும். வயிற்று நுனியில் இருக்கும் ஊசியால் குத்தி, உள்ளே ஒரு முட்டையை இட்டுவிட்டு விட்டுவிடும்.

பிழைத்தோம் என்று தத்துப்பூச்சி தன் வேலையைப் பார்க்கப் போகும். சாறு குடிக்கும், தாவும். உள்ளே முட்டை பொரிந்து, கால் இல்லாத ஒரு புழு வளர்ந்துகொண்டிருக்கும். நாளாக ஆக, புழு வயிறு முழுவதையும் அடைத்துக்கொள்ளும். பூச்சியின் வயிறு உப்பிப்போகும். பல பூச்சிகளுக்கு முட்டை வைக்கும் திறனும் போய்விடும். கடைசியில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு புழு வெளியே வரும்; தத்துப்பூச்சி செத்துப்போகும். இந்தப் புழுவைப் போல நம் தலைப் பேனும் ஒட்டுண்ணிதான், ஆனால் அது நம்மைக் கொல்வதில்லை. இந்த விஷயத்தில் பேன் எவ்வளவோ நல்லது!

வெளியே வந்த புழு மண்ணுக்குள்ளோ சருகுக்குள்ளோ போய்க் கூட்டுப்புழு ஆகும். பிறகு சிறகு விரித்த ஈயாக வரும்.

நெல் வயலில் பச்சைத் தத்துப்பூச்சியைத் தாக்கும் பெருந்தலை ஈக்கள் ஆசியாவில் உண்டு. துங்ரோ நோயை நெல்லுக்குப் பரப்புவது அந்தத் தத்துப்பூச்சிதான். பூச்சி மருந்து தெளித்தால் தத்துப்பூச்சியோடு இந்த ஈயும் சேர்ந்தே சாகும் என்பதுதான் சங்கடம்.

ஹவாய்த் தீவுகளில் ஒரு வேடிக்கை நடந்தது. 1900-க்குச் சற்றுப் பின், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு தத்துப்பூச்சி அங்கே கரும்பைப் பாழாக்கியது. அப்போது பெர்கின்ஸ் என்ற பூச்சியியலாளர் கவனித்துப் பார்த்தார். உள்ளூர்த் தத்துப்பூச்சிகளில் வளர்ந்துவந்த பெருந்தலை ஈக்கள், வந்தேறிப் பூச்சியையும் விட்டுவைக்கவில்லை! ஆனாலும் அவை மட்டும் போதவில்லை. ஓர் ஈப் புழு வளர ஒரு முழுத் தத்துப்பூச்சி வேண்டுமே. தாவும் பூச்சியைத் துரத்துவதைவிட, தாவத் தெரியாத முட்டையைத் தாக்குவது சுலபம். 1920-இல் தத்துப்பூச்சி முட்டைகளை உறிஞ்சிக் குடிக்கும் ஒரு சிறு பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகே ஹவாய்க் கரும்பு தப்பித்தது.