‘25,000 மணி நேரம்’ எரியவேண்டிய எல்.இ.டி பல்பு ஒரே வருடத்தில் ஃப்யூஸ் போவது ஏன்?

தாம்பரம் சண்முகம் சாலையில் எலெக்ட்ரிக்கல் கடைக்குப் போய் 9 வாட் எல்.இ.டி பல்பு கேட்டால், பெட்டியில் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் அச்சாகியிருக்கும். ஒன்று, ‘25,000 மணி நேரம்’. இன்னொன்று, ‘1 வருட வாரன்டி’ அல்லது ‘2 வருட வாரன்டி’.

தினமும் 5 மணி நேரம் எரித்தால், 25,000 மணி நேரம் என்பது 13 வருடங்களுக்கும் மேல். இன்று பிறந்த குழந்தை எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை அதே பல்பு எரியவேண்டும். ஆனால் முடிச்சூர், சேலையூர், குரோம்பேட்டை என எந்தப் பக்கம் போனாலும், “போன தீபாவளிக்குத்தானே மாத்தினோம், அதுக்குள்ள போயிடுச்சா?” என்று கேட்காத வீடுகள் குறைவு.

பெட்டியில் இருப்பது பொய்யா? முழுப் பொய் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு, நாம் நினைக்கும் விஷயத்தைப் பற்றியது அல்ல.

எரிவது ஒன்று... போவது வேறொன்று!

எல்.இ.டி பல்பின் வெள்ளை மூடிக்குள் ஒரு வட்டத் தகடு இருக்கும். அதில் மஞ்சள் பொட்டுகள்போலப் பதிந்திருக்கும் சிப்கள்தான் வெளிச்சம் தருகின்றன. நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏ.சி மின்சாரத்தை அவற்றால் நேரடியாகத் தாங்க முடியாது. அதை டி.சி-யாக மாற்றி, அளவோடு அனுப்ப ஒரு சிறிய சர்க்யூட் உள்ளே இருக்கிறது. அதற்கு டிரைவர் என்று பெயர்.

25,000 மணி நேரம் என்பது பெரும்பாலும் அந்த சிப்களின் ஆயுள். அவற்றின் வெளிச்சம், புதிதாக இருந்தபோது கொடுத்ததில் 70 சதவிகிதமாகக் குறைய ஆகும் காலத்தைத்தான் இப்படிக் குறிப்பிடுகிறார்கள். இடைவிடாமல் எரியவிட்டாலும் 25,000 மணி நேரத்தைத் தொட ஏறக்குறைய மூன்று வருடங்கள் ஆகும். அதனால், சில ஆயிரம் மணி நேரம் சோதித்துவிட்டு, மீதியைக் கணக்குப் போட்டுச் சொல்வதே வழக்கம்.

வீடுகளில் பல நேரம் முதலில் சாவது சிப் அல்ல, டிரைவர்தான். சிப்கள் பெரும்பாலும் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால், அவற்றில் ஒன்று கருகினாலும் மொத்த பல்பும் அணைந்துவிடும்.

முதல் எதிரி, சூடு

‘எல்.இ.டி சூடாகாது’ என்பது பாதி உண்மைதான். குண்டு பல்பு அளவுக்குச் சூடாகாது. ஆனால், உருவாகும் சூடு வெளியேறியே ஆகவேண்டும். டிரைவரில் இருக்கும் கெப்பாசிட்டர்தான் சூட்டுக்கு முதலில் பலியாகும் பாகம். வெப்பநிலை 10 டிகிரி கூடினால், அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ் துறையில் காலங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு.

சென்னைப் புறநகரின் மே மாத வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் வீட்டில் கூரையே கொதிக்கும். அங்கே காற்றுப் புகாத கண்ணாடி உருண்டைக்குள்ளோ, போர்டிகோவின் மூடிய விளக்குக் கூட்டுக்குள்ளோ மாட்டிய பல்பு, ஹாலில் திறந்த ஹோல்டரில் எரியும் பல்பைவிடச் சீக்கிரம் போவதில் ஆச்சர்யமில்லை.

இரண்டாவது எதிரி, வோல்டேஜ்

கரன்ட் போய்த் திரும்பி வரும்போதும், பக்கத்தில் இடி விழும்போதும் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு வோல்டேஜ் எகிறும். நல்ல டிரைவரில் அதைத் தாங்கும் பாகங்கள் இருக்கும். விலையைக் குறைக்கவேண்டும் என்றால், அவற்றில் கைவைப்பது சுலபம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பல்புகளும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இந்தியாவில் விலை சரிந்த வேகம் அசாத்தியமானது. 2015 ஜனவரியில் மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கியது. அதை நடத்திய இ.இ.எஸ்.எல் நிறுவனம், 2014-ல் ஒரு பல்பை 310 ரூபாய்க்கு மொத்தக் கொள்முதல் செய்தது. 2016-ல் அது 38 ரூபாயாக இறங்கியது. இந்தியா முழுக்க வீடுகளில் குண்டு பல்பு காணாமல் போக இது பெரிய காரணம். கூடவே, பெயரே கேள்விப்படாத பல்புகளும் சந்தைக்குள் நுழைந்தன. 2017-ல் மும்பை, டெல்லி, அகமதாபாத், ஹைதராபாத் நகரங்களின் 200 கடைகளில் நீல்சன் நிறுவனம் நடத்திய ஆய்வில், 76 சதவிகித எல்.இ.டி பல்பு பிராண்டுகள் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டவையாக இல்லை என்று தெரியவந்தது.

நீண்ட நாள் உழைக்கும் பல்பு சாத்தியமா?

‘கம்பெனிகளே சீக்கிரம் ஃப்யூஸ் போகும்படி செய்கின்றனவோ?’ என்ற சந்தேகம் பலருக்கும் உண்டு. குண்டு பல்பு விஷயத்தில் அப்படி நடந்திருக்கிறது. 1924-ல் ஃபீபஸ் என்ற பெயரில் கைகோத்த பெரிய பல்பு நிறுவனங்கள், பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்குள் கட்டுப்படுத்தின.

எல்.இ.டி-யில் விவகாரம் வேறு. குறைவான சிப்களை வைத்து, அதிக மின்சாரம் பாய்ச்சினால், பல்பு மலிவாகும், சூடும் கூடும். துபாயில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போனவர்கள் ‘துபாய் லேம்ப்’ பார்த்திருக்கலாம். துபாய் மாநகராட்சியுடன் சேர்ந்து பிலிப்ஸ் நிறுவனம் 2016-ல் கொண்டுவந்த பல்பு அது. வழக்கத்தைவிட அதிக சிப்கள், ஒவ்வொன்றிலும் குறைந்த மின்சாரம். வெறும் 3 வாட்டில் 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம். தொழில்நுட்பம் இருக்கிறது, கூடுதல் விலைதான் கேள்வி.

அப்படியென்றால் எல்.இ.டி நஷ்டமா?

நிச்சயமாக இல்லை. 60 வாட் குண்டு பல்பை தினமும் 5 மணி நேரம் எரித்தால், இரண்டு மாத பில்லில் 18 யூனிட் ஏறும். 9 வாட் எல்.இ.டி-க்கு 2.7 யூனிட்தான். ஒரே வருடத்தில் ஃப்யூஸ் போனாலும், 90 யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஆனால் கடையில் நாம் விலை கொடுத்து வாங்குவது 25,000 மணி நேரத்தை அல்ல. அந்த 1 அல்லது 2 வருட வாரன்டியைத்தான். அதை விடாமல் பயன்படுத்தவேண்டும்.

வாங்கும்போது கவனிக்க...

* பி.ஐ.எஸ் முத்திரையும், ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கவேண்டும். பி.இ.இ ஸ்டார் லேபிள் 2018 முதல் கட்டாயம்.
* வாட்டை மட்டும் பார்க்காமல் லூமென்ஸைப் பாருங்கள். வெளிச்சத்தின் அளவு அதுதான்.
* ‘சர்ஜ் புரொடெக்‌ஷன்’ எத்தனை கே.வி என்று போட்டிருக்கிறதா எனப் பாருங்கள். அடிக்கடி கரன்ட் கட் ஆகும் பகுதிக்கு இது முக்கியம்.
* பில் கட்டாயம். அதை போனில் படம் எடுத்து வையுங்கள். வாரன்டிக்குள் மாற்றித்தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.
* மூடிய கூட்டுக்குள் மாட்டுவதாக இருந்தால், குறைந்த வாட் பல்பே நல்லது.

இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்!

ஒரே நாளில் இரண்டு, மூன்று பல்புகள் போனாலோ, சில விளக்குகள் திடீரெனப் பளீரென்றும் சில மங்கலாகவும் எரிந்தாலோ, அது பல்பின் குற்றமாக இருக்காது. நியூட்ரல் வயர் லூஸாகியிருக்கலாம். மும்முனை இணைப்புள்ள அடுக்குமாடிகளில் நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரைகூட வரலாம். ஃபிரிட்ஜ், டி.வி என எல்லாம் போகும், தீ விபத்துக்கும் வாய்ப்புண்டு. உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். கோளாறு வெளியே இருந்தால், மின் வாரியத்தின் ‘மின்னகம்’ 94987 94987 எண்ணில் சொல்லலாம்.

அப்படி எதுவும் இல்லாமல் ஒரே இடத்தில் மட்டும் பல்பு அடிக்கடி போகிறதா? புதுப் பல்பின் அடிப்பகுதியில், மாட்டிய தேதியை மார்க்கர் பேனாவால் எழுதிவையுங்கள். வாரன்டி எப்போது முடியும் என்பது தெரியும். நல்ல பிராண்டு பல்பும் அதே இடத்தில் மறுபடி சீக்கிரம் போனால், அடுத்து மாற்றவேண்டியது பல்பை அல்ல, ஹோல்டரை!