மண்ணில் உலோக நஞ்சு: மண்புழு தரும் எச்சரிக்கை

மாணவர்களே, என் படிவம் இரண்டு மாணவன் ஒருவன் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டான். அவன் வீட்டுக்குப் பின்னால் உள்ள நிலத்தில் முன்பு யாரோ பழைய கார் பேட்டரிகளை உடைத்துக்கொண்டிருந்தார்களாம். இப்போது அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. “சார், அங்கே பாட்டி கீரை போடப் போறாங்க. மண்ணைப் பார்த்தா நல்லாத்தான் இருக்கு. போடலாமா?”

கார் பேட்டரியில் ஈயம் இருக்கிறது. அது மண்ணில் கலந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. இலை தழையைப் போல மக்கிப்போகாது. பல்லாண்டுகள் அங்கேயே கிடக்கும். உடலுக்குள் சென்றால் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

மண்ணில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்பதை ஆய்வுக்கூடக் கருவி சொல்லிவிடும். அதில் எவ்வளவு உயிர்களுக்குள் புகும் என்பது வேறு கேள்வி. மண்ணில் அமிலத்தன்மை கூடினால் உலோகம் எளிதில் கரையும். சுண்ணாம்பு கலந்த மண்ணில் அதே உலோகம் பெரும்பாலும் மண்துகளோடு ஒட்டிக் கிடக்கும். இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தருபவை மண்ணில் வாழும் முதுகெலும்பற்ற உயிர்கள். இவற்றை ‘உயிர்ச் சுட்டிகள்’ என்கிறோம்.

மண்புழு மண்ணைத் தின்கிறது. ஈரமான தோலால் சுவாசிக்கிறது. இரண்டு வழியிலும் உலோகம் உள்ளே போகும். காட்மியம் போன்ற உலோகங்களை அதன் உடலில் உள்ள மெட்டலோதயோனின் என்ற புரதம் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் புழு உடனே சாவதில்லை. ஆனால் உலோகம் உடலில் சேர்ந்துகொண்டே போகும். அந்தப் புழுவைக் கொத்தித் தின்னும் கோழிக்கும் அது போய்ச் சேரும்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே ஏவன்மவுத் என்ற இடத்தில் துத்தநாகமும் ஈயமும் உருக்கும் ஆலை 2003 வரை இயங்கியது. அதன் அருகில் இருந்த காடுகளில் உதிர்ந்த இலைகள் மக்காமல் குவிந்து கிடந்தன. இலைகளை மண்ணோடு சேர்க்கும் மண்புழுக்கள் அங்கே இல்லாமல் போனது அதற்கு ஒரு காரணம். ஸ்டீவ் ஹாப்கின் என்ற விலங்கியலாளர், கற்களுக்கு அடியில் வாழும் ஏழு இணைக் கால்கள் கொண்ட ஒரு சிற்றுயிரை ஆராய்ந்தார். அது பூச்சியல்ல, நண்டின் உறவு. அதன் செரிமானச் சுரப்பியில் துத்தநாகம், காட்மியம், ஈயம், செம்பு ஆகியவை சேர்ந்திருந்தன.

நம் செபராங் பிறையிலும் இதே முறை பயன்படுகிறது. பிறை தொழிற்பேட்டையை ஒட்டி ஓடும் ஜூரு ஆற்றின் முகத்துவாரத்தில், சேற்றில் வாழும் கெராங் சிப்பிகளை ஆய்வாளர்கள் சோதித்துள்ளனர்.

இதற்கென ‘விலகல் சோதனை’ என்ற அனைத்துலகச் சோதனையும் உண்டு. ஒரு பெட்டியின் ஒரு பாதியில் நல்ல மண், மறுபாதியில் சந்தேகத்துக்குரிய மண். நடுக்கோட்டில் 10 மண்புழுக்களை விட்டு 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பல பெட்டிகளில் இப்படிச் செய்து பார்த்து, 80 விழுக்காட்டுக்கும் மேலான புழுக்கள் நல்ல மண்ணுக்குப் போயிருந்தால், மறுபாதி மண் அவை வாழத் தகுந்ததல்ல என்று கொள்வார்கள்.

ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. வறட்சி, அமிலம், உப்பு, பூச்சிமருந்து ஆகியவற்றாலும் புழுக்கள் விலகும். உடலில் காய்ச்சல் இருந்தால் ஏதோ நோய் என்று தெரியும். என்ன நோய் என்று அறிய இரத்தத்தைச் சோதிக்க வேண்டும் அல்லவா? அதைப் போலத்தான் இதுவும். புழு எச்சரிக்கும், வேதியியல் சோதனை காரணத்தைச் சொல்லும். புழுக்கள் நிறைய இருப்பதாலேயே மண் தூய்மையானது என்றும் சொல்லிவிட முடியாது. உலோகத்தை உடலில் தாங்கிக்கொண்டே அவை வாழக்கூடும்.

அந்த மாணவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: “மண்ணைச் சோதிக்கும் வரை அங்கே எதுவும் போட வேண்டாம்; கோழியையும் மேய விட வேண்டாம். வெறுங்கையால் அந்த மண்ணைத் தொடாதே. பாட்டிக்குக் கடையில் வாங்கிய மண்ணை நிரப்பித் தொட்டியில் கீரை போட்டுக் கொடு.”