ரோட்டை வெட்டாதீங்க பாஸ்!

நேத்துதான் பளபளன்னு தார் ரோடு போட்டாங்க. இன்னிக்கு நடுவுல நீளமா ஒரு பள்ளம்! பஸ் நகரல. முதல் ஹவர் அட்டெண்டன்ஸ் காலி. ‘ரோட்டை வெட்டாம குழாய் பதிக்கவே முடியாதா?’ன்னு கடுப்பாகியிருக்கீங்களா? முடியும் பாஸ்!

அதுக்குப் பேர் ‘ஹெச்.டி.டி.’ அதாவது, ஹாரிஸான்டல் டைரக்‌ஷனல் டிரில்லிங். 1971-ல் கலிஃபோர்னியாவின் பஹாரோ நதிக்கு அடியில் 4 அங்குல கேஸ் குழாயை இப்படிக் கொண்டுபோனவர் மார்ட்டின் செரிங்டன். இன்னிக்கு நெடுஞ்சாலைகளுக்கு அடியிலும் இதே டெக்னிக்தான்.

மேலே லாரிகள் பாட்டுக்குப் பறக்கும். ஓரத்துல ஒரு மெஷின், கம்பியைச் சாய்வா மண்ணுக்குள்ள இறக்கும். கம்பியோட முனை ஒரு பக்கம் சரிவா சீவியிருக்கும். சுத்திக்கிட்டே தள்ளினா நேரா போகும். சுத்தாம தள்ளினா வளையும். அவ்வளவுதான் ஸ்டீயரிங்! முனைக்குப் பின்னாடி இருக்கிற டிரான்ஸ்மிட்டர் அனுப்புற சிக்னலை வெச்சு, ஆழத்தையும் திசையையும் மேலே இருந்தே கண்டுபிடிச்சிடுவாங்க.

சாலையோட அந்தப் பக்கம் முனை எட்டிப் பார்த்ததும், அதைக் கழட்டிட்டு ‘ரீமர்’ மாட்டுவாங்க. அது துளையைப் பெருசாக்கும். பொதுவா, குழாயைப் போல ஒன்றரை மடங்கு அகலம். துளை இடிஞ்சு விழாம தாங்குறது, பென்டோனைட் களிமண் கலந்த தண்ணி. கடைசியா குழாயைக் கோத்து இந்தப் பக்கம் இழுத்தா, வேலை முடிஞ்சது. துணிக்குள்ள ஊசி நுழைஞ்சு நூலை இழுத்துட்டு வர்ற மாதிரி!

சூப்பர்தான். ஆனா, வழியில என்ன இருக்குன்னு அந்த ஊசிக்குத் தெரியாதே? 1976-ல் அமெரிக்காவின் கெனோஷா நகரத்துல ஒரு வீடு வெடிச்சது. 2 பேர் பலி. தோண்டாம பதிச்ச கேஸ் குழாய் ஒண்ணு, சாக்கடைக் குழாயைத் துளைச்சுக்கிட்டுப் போயிருந்தது. அது யாருக்கும் தெரியல. பிறகு, அடைப்பு எடுக்க விட்ட கருவி கேஸ் குழாயைக் கிழிச்சிடுச்சு.

அதனாலதான் இப்போ சாக்கடைக் குழாய்க்குள்ள கேமரா விட்டுப் பார்க்கிறாங்க. பழைய குழாய் குறுக்கிடுற இடத்துல சின்னதா ஒரு குழி வெட்டி, கண்ணால பார்த்து உறுதி செஞ்சுக்கிறாங்க. அமெரிக்கா முழுக்க 2007-லிருந்து, தோண்டுறதுக்கு முன்னாடி 811-க்கு போன் போட்டுச் சொல்லணும். நம்ம நாட்டிலும் 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யூ டிக்’ ஆப் வந்தாச்சு. தோண்டப் போற இடத்தை அதுல சொன்னா, அங்கே குழாய், கேபிள் வெச்சிருக்கிறவங்களுக்குத் தகவல் போயிடும்.

ஆனா, எந்தக் குழாய் எங்கே ஓடுதுன்னு மேப் சரியா இருந்தாதானே ஆப் உதவும்? சிவில், ஜியோ-இன்ஃபர்மேட்டிக்ஸ் மக்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடுறீங்களா? உங்க காலுக்குக் கீழேயே இருக்கு!