புது டிரைவர் டிஸ்க் ஓசூர் காற்றில் எப்படிப் பறக்கும், தெரியுமா?

கையால் எறிந்த ஒரு பிளாஸ்டிக் டிஸ்க் 338 மீட்டர் பறந்திருக்கிறது, தெரியுமா? மூன்று கால்பந்து மைதானங்களை நீளவாக்கில் அடுக்கினாலும் அந்தத் தூரத்துக்குப் போதாது! 2016-இல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் டேவிட் விகின்ஸ் ஜூனியர் நிகழ்த்திய சாதனை அது.

டிஸ்க்கை எறிந்து எறிந்து, சங்கிலிகள் தொங்கும் கூடையில் சேர்க்கும் விளையாட்டுதான் டிஸ்க் கோல்ஃப். அதில் நெடுந்தூரம் எறிவதற்கென்றே செய்யப்படுவது டிரைவர். புது டிரைவர் வரப்போகிறது என்றாலே, அது எப்படிப் பறக்கும் என்று ரசிகர்கள் கணிக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தக் கணிப்பை ஓசூரில் நின்று செய்து பார்ப்போமா?

நான்கே எண்களில் முழுப் பயணமும்!

வேகம், மிதப்பு, திருப்பம், சரிவு. டிரைவரின் மேல் இந்த வரிசையில் நான்கு எண்கள் இருக்கும். வரப்போகும் டிரைவரின் எண்கள் 13, 5, −1, 3 என்று வைத்துக்கொள்வோம். வலக்கைக்காரர் பேக்ஹேண்டாக, அதாவது கையை உடலுக்குக் குறுக்கே இழுத்து முன்னே வீசினால் அது முதலில் லேசாக வலப்பக்கம் திரும்பும். வேகம் தணிந்ததும் இடப்பக்கம் நன்றாகச் சரிந்து இறங்கும். எறிவதற்கு முன்பே இவ்வளவும் சொல்லிவிடலாம்!

ஒரே டிஸ்க் இரு பக்கமும் திரும்புவது எப்படி?

எல்லாம் சுழற்சி செய்யும் மாயம்! சுழலும் பொருளின் முன்பக்கத்தைத் தூக்கினால், பம்பரத்தைப் போலவே, அது பக்கவாட்டில்தான் சாயும். அதிவேகத்தில் காற்றின் தூக்குவிசை டிஸ்க்கின் பின்பாதியில் கூடுதலாக விழுகிறது. டிஸ்க் வலப்பக்கம் சாய்கிறது. வேகம் குறைந்ததும் அந்த விசை முன்பாதிக்கு நகர்கிறது. டிஸ்க் இடப்பக்கம் சாய்கிறது.

விளிம்புக்கும் சட்டம் உண்டு!

போட்டி டிஸ்க்கின் விட்டம் 21 செ.மீ.க்குக் குறையக் கூடாது. விளிம்பின் அகலம் 2.6 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு செ.மீ. விட்டத்துக்கும் 8.3 கிராம் வரைதான் எடை! 1983-இல் டேவ் டுனிபேஸ் விளிம்பைச் சாய்வாகச் சீவி வடிவமைத்த பிறகுதான் டிஸ்க்குகள் காற்றைக் கிழித்துப் பறக்கத் தொடங்கின.

ஓசூரின் உயரமும் விளையாடும்!

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி சென்னைக் கடற்கரையைவிட ஏறத்தாழ 8 சதவீதம் குறைவு! காற்று மெலிந்தால் இழுவை குறையும், தூக்குவிசையும் குறையும். சென்னையில் வலப்பக்கம் அழகாகத் திரும்பும் டிரைவர் ஓசூரில் அவ்வளவு திரும்பாது. முன்னதாகவே இடப்பக்கம் சரியும். கிருஷ்ணகிரிக்கு இறங்கினால் இரண்டுக்கும் நடுவில் பறக்கும். விகின்ஸ் சாதனை படைத்த இடத்தின் உயரம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 800 மீட்டர், கிட்டத்தட்ட நம் ஓசூர்தான்!

ஆடிக்காற்றில் என்ன ஆகும்?

மேற்கிலிருந்து வீசும் ஆடிக்காற்றை எதிர்த்து எறிந்தால் டிஸ்க் உணரும் காற்றுவேகம் கூடும். வலப்பக்கத் திருப்பம் பெருகும். அதே டிஸ்க்கைக் கிழக்கு நோக்கி எறிந்தால் சீக்கிரமே இடப்பக்கம் சரியும். திரும்பி நின்று எறிந்தாலே டிஸ்க்கின் குணம் மாறிவிடுகிறது!

அச்சு ஒன்று, பறப்பு வேறு!

ஒரே மோல்டில் வார்த்தாலும் பிளாஸ்டிக் மாறினால் பறப்பு மாறும். வார்த்த பின் ஆறும்போது மேற்பகுதி கொஞ்சம் குவிந்தாலோ, விளிம்பு இம்மி உயர்ந்தாலோ அதுவும் மாறும்! விகின்ஸ் எறிந்த டிஸ்க்கில் எடையைக் குறைக்க நுண்ணிய காற்றுக் குமிழ்கள் கலந்திருந்தார்கள். மரங்களில் மோதி மோதி விளிம்பு தேய்ந்த பழைய டிரைவர், புதிதைவிட அதிகமாக வலப்பக்கம் திரும்பும்.

விமானமே செய்த ஊர் இது!

ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஓடுபாதை இருக்கிறது. 1994-இல் தொடங்கிய தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் இங்கேதான், இத்தாலியின் பார்டெனாவியா நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, ஆறு இருக்கைகள் கொண்ட பி68சி இரட்டை எஞ்சின் விமானத்தைத் தயாரித்தது. இறக்கையின் கணக்கும் டிஸ்க் விளிம்பின் கணக்கும் ஒரே காற்றியல்தான்!



 

ஆகவே நம் கணிப்பு இதுதான்: 13, 5, −1, 3 எண்களோடு வரும் டிரைவர் ஓசூரில் திருப்பம் குறைந்து, சரிவு கூடிப் பறக்கும். இங்கே எறிகிறவர்கள் திருப்பம் −2 அல்லது −3 உள்ள, அதாவது இன்னும் எளிதாக வலப்பக்கம் திரும்பும் டிரைவரைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. ஓசூரின் பொறியியல் மாணவர்களே, உங்களைச் சுற்றி மோல்டு செய்யும் கைகள் இருக்கின்றன, மெல்லிய மேட்டுக் காற்றும் இருக்கிறது. இந்த உயரத்துக்கென்றே ஒரு டிரைவரை வடிவமைத்துப் பாருங்கள்!