சினைமீனும் பசித்த வயிறும்

மீன்பிடி தொழில் என்றவுடன் நம் உள்ளத்தில் தோன்றுவது நெய்தல் நிலமே. ஆயினும் ஏரி, குளம், ஆறு என்னும் மருத நிலத்து நீர்நிலைகளை நம்பி வலைவீசும் குடும்பங்களும் பல. கடலில் மீன்பிடித் தடைக்காலம் அறிவிக்கப்படுவதை நாளிதழ்களில் ஆண்டுதோறும் படிக்கிறோம். உள்நாட்டு நீர்நிலைகள் சிலவற்றிலும் அத்தகைய தடை உண்டு என்பதையும், அது ஏன் அடிக்கடி மீறப்படுகிறது என்பதையும் எண்ணிப் பார்ப்போர் சிலரே.

தடையின் காரணத்தை அறியத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் மதுக்கரையைக் கடந்து வாளையாற்றின் வழியே மேற்கே சென்றால் கேரளம். அங்குத் தென்மேற்குப் பருவமழையின் புதுவெள்ளம் ஓடைகளிலும் வயல்களிலும் பாயும்போது, விரால், கெளுத்தி, கெண்டை முதலியன சினை நிறைந்த வயிற்றுடன் நீரை எதிர்த்து ஏறிவரும். அவ்வேளையில் அவற்றைப் பிடிப்பது மிக எளிது. அதனை ‘ஊத்த பிடுத்தம்’ என்பர் அந்நாட்டார். 2010ஆம் ஆண்டின் கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின்படி அது குற்றமாகும். கட்லா, ரோகு போன்ற பெருங்கெண்டை மீன் ஒன்று இலட்சக்கணக்கில் முட்டையிடும். எனவே சினைமீன் ஒன்றைக் கொல்வது, வரும் ஆண்டின் விளைச்சலை விதையிலேயே அழிப்பதாகும்.

இவ்வுண்மையை மீனவர் அறியாதவர் அல்லர்; அறிந்தும் மீறுகின்றனர். ஏன்? கடலோடு ஒப்பிட்டால் விடை விளங்கும். தமிழகக் கிழக்குக் கடற்கரையில் 2001 முதல் நடைமுறையிலுள்ள தடை, 2017இல் 45 நாள்களிலிருந்து 61 நாள்களாக உயர்த்தப்பட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை. அங்குச் சட்டம் பெரிய கருவியைத் தடுத்துச் சிறியதை விடுகிறது. ஏரியிலோ எல்லாரும் சிறுபடகினரே. அங்கு முழுத்தடை விதித்தால், அன்றாடங்காய்ச்சியின் அடுப்பே முதலில் அணையும். மீன் வரத்துக் குறையக் குறைய விலை ஏறும். முன்பணம் கொடுத்த வியாபாரி வாசலில் வந்து நிற்பான். அந்நிலையில் இரவில் வலை இறங்குவதில் வியப்பில்லை. பிடிபடுபவனும் தண்டம் கட்டுபவனும் வலை வீசியவனே. அம்மீனை வாங்கி விற்றவன் பெரும்பாலும் தப்பிவிடுகிறான்.

இச்சிக்கலை வங்கதேசத்தார் ஒருவாறு எதிர்கொண்டுள்ளனர். அங்குக் கர்ணபுலி ஆற்றில் 1962இல் கட்டி முடிக்கப்பட்ட அணையால் உருவானது காப்தாய் ஏரி. ஆண்டுதோறும் கோடையில் தொடங்கி ஏறத்தாழ மூன்று மாதங்கள் அங்கு மீன்பிடிக்கத் தடை. பிடிப்பது மட்டுமன்றி, விற்பதும் ஏற்றிச் செல்வதும் தடுக்கப்படுகின்றன. பனிக்கட்டி ஆலைகளும் மூடப்படுகின்றன. பதிவுபெற்ற 20,000க்கும் மேற்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு மாதம் 20 கிலோ அரிசி வழங்கும் திட்டமும் உண்டு. ஆனால் அரிசி மட்டும் குடும்பத்தை நடத்துமா? எண்ணெய்க்கும் மருந்துக்கும் கடன் தவணைக்கும் பணம் வேண்டுமே! அதனால் களவு மீன்பிடிப்பு அங்கும் முற்றிலும் ஒழியவில்லை. ஆயினும் வணிகனையும் சட்டத்துக்குள் கொணர்ந்தமை குறிப்பிடத்தக்கது.

சட்டத்தினும் மூத்த கட்டுப்பாடு ஒன்று நம் தமிழகத்திலேயே உண்டு. பழவேற்காட்டு ஏரியில் இறால் வளமிக்க இடங்களை மீனவர்கள் பகுத்து, யார் எந்நாளில் எங்கு வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துத் தீர்மானிப்பர். இதற்குப் ‘பாடு’ என்று பெயர். இது பருவத்தடை அன்று. எனினும் அளவின்றி எடுப்பதைக் கட்டுப்படுத்துவது. முறையை வகுத்தவரே மீனவராதலின், மீறுபவன் அஞ்சுவது காவலரை அன்று, தன் ஊராரை. இதிலும் ஒரு குறை உண்டு. பாட்டுரிமை குறிப்பிட்ட சமூகத்தார்க்கே உரியதாக வந்தமையால், உரிமையற்ற ஏழைகள் ஒதுக்கப்பட்டனர். தன் பங்கை மறுக்கும் விதியை எவனும் மனமுவந்து காப்பதில்லை.

ஆக, மூன்று உண்மைகள் தெளிவாகின்றன. தடைக்கால உதவி, தடை தொடங்குமுன்னரே மீனவன் கைக்குச் சேர வேண்டும். தண்டனை வலையோடு நில்லாது வணிகத்தையும் தொட வேண்டும். விதி வகுக்கும் அவையில் வலைவீசும் அனைவர்க்கும் இடம் வேண்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. மழைக்காலத்தில் உக்கடம் மீன்சந்தையிலோ சாலையோரத்திலோ சினை நிறைந்த ஏரிமீனைக் காணும்போது, ‘ருசியானது’ என்று விரும்பி வாங்குகிறோம். வாங்கும் கை நீளும்வரை வீசும் கை ஓயாது. அவ்விரு திங்கள் நாம் வளர்ப்பு மீனையும் கடல்மீனையும் கொண்டு நிறைவுறலாம். ஏழை மீனவனை மட்டும் பொறுக்கச் சொல்லிவிட்டு, உண்பவர் பொறுக்க மறுப்பது அறமாகாது.