ராயபுரம் ஸ்டேஷனைப் படம் பிடிக்கப் போறீங்களா? தண்டவாளத்தில் இறங்கினால் 6 மாதம் ஜெயில்!

சென்னை பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி மின்சார ரெயிலில் ஏறினால் அடுத்து நிற்பது ராயபுரம். இறங்குகிறவர்கள் விறுவிறுவென்று வீடு போய்ச் சேருகிறார்கள். உயரமான தூண்களோடு நிற்கும் பழைய ஸ்டேஷன் கட்டடத்தை ஏறிட்டுப் பார்ப்பவர் குறைவு.

கழுத்தில் கேமராவோடு வருகிறார்களே சில வாலிபர்கள், அவர்கள் பார்க்கிறார்கள். பழைய ரெயில் சின்னங்களைத் தேடித்தேடிப் படம் எடுப்பது இவர்களுக்குப் பொழுதுபோக்கு. "இந்த செவுத்துல இன்னாப்பா இருக்குது?" என்று கேட்பவர்களும் உண்டு.

இருக்கிறது, சமாசாரம்!

கவர்னர் வந்தார்

தென்னிந்தியாவில் பயணிகள் ரெயில் முதன்முதலாகப் புறப்பட்டது இங்கிருந்துதான். 1856-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி அன்றைய கவர்னர் ஹாரிஸ் பிரபு ஸ்டேஷனைத் திறந்து வைத்தார். ஜூலை 1-ந் தேதி முதல் பொதுமக்களுக்கு ரெயில் ஓடியது. வாலாஜா ரோடு வரை சுமார் 100 கிலோ மீட்டர். மாட்டு வண்டியில் போய்க்கொண்டிருந்த ஜனங்கள் வாயைப் பிளந்திருப்பார்கள்!

சென்டிரல் வந்தது 1873-ல். எழும்பூர் ஸ்டேஷன் 1908-ல். இரண்டுக்கும் மூத்த அண்ணன் ராயபுரம்.

பம்பாய் - தானா ரெயில் 1853-லேயே ஓடிவிட்டதே என்று கேட்கலாம். ஓடியது நிஜம். ஆனால் அங்கே அன்று இருந்த ஸ்டேஷன் கட்டடங்கள் இன்று இல்லை. ராயபுரம் நிற்கிறது. நாட்டிலேயே இன்றும் நிற்கும் மிகப் பழைய ஸ்டேஷன் கட்டடம் என்று இதைச் சொல்கிறார்கள்.

அதுவும் லேசில் தப்பவில்லை. பல காலம் கேட்பாரற்றுப் பாழடைந்து கிடந்தது. 2005-ல்தான் புதுப்பித்தார்கள். அதற்கு முன் எடுத்த போட்டோ யாராவது வீட்டுப் பெட்டியில் வைத்திருந்தால் பத்திரமாக வைக்கட்டும். பழைய கோலம் எப்படி இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

ஜாக்கிரதை!

கேமரா ஆசாமிகளுக்கு ஒரு வார்த்தை. கட்டடம் முழுசாக விழவேண்டும் என்று தண்டவாளத்தில் இறங்கி நிற்காதீர்கள். அனுமதி இல்லாமல் அங்கே நுழைவது 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டம் 147-வது பிரிவுப்படி குற்றம். 6 மாதம் வரை ஜெயில், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மின்சார ரெயில் பழைய கரி என்ஜின் மாதிரி புகை விட்டுக்கொண்டு வராது. சத்தம் காதில் விழுவதற்குள் ஆள் குளோஸ்! டிக்கெட் வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றே எடுக்கலாம்.

ராயபுரத்தை சென்டிரல் போல பெரிய ஸ்டேஷனாக்க வேண்டும் என்பது வடசென்னை மக்களின் நெடுநாள் கோரிக்கை. நியாயமான கோரிக்கைதான். வெளியூர் ரெயில் பிடிக்க தண்டையார்பேட்டைக்காரர் சென்டிரலுக்கும் எழும்பூருக்கும் ஏன் அலைய வேண்டும்? ஆனால் புது பிளாட்பாரத்துக்கு இடம் தேடும்போது பழைய கட்டடத்தின் மேல் கை வைக்கக் கூடாது. காலியாகக் கிடக்கும் ரெயில்வே யார்டு இடத்தை முதலில் அளக்கட்டும்.